ரைப்ரைட்டர் முத்தையாவும் எங்கள் பிள்ளைகளின் யூ.எக்ஸ். படிப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளைகள் சிலர் கொஞ்ச நாளாக எங்களிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "சேர், ஒன்லைனில யூ.எக்ஸ். டிசைன் படிக்கலாமாம். படிக்கவா?" அவர்களுக்குப் பின்னால் உம்மா வாப்பா வருகிறார்கள். "அது என்ன படிப்பு? படம் கீறுகிறதா, கம்பியூட்டர் படிப்பா?" இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் அது வரலாற்றுப் பாடமாகத்தான் வருகிறது. வாத்திமார் வேறென்ன செய்வது.

யூ.எக்ஸ். என்றால் பாவனையாளர் அனுபவம். ஒரு பொருளையோ செயலியையோ ஒருவர் கையில் எடுக்கும்போது அவருடைய கண் எங்கே போகிறது, விரல் எங்கே தடுமாறுகிறது, எந்த இடத்தில் "எனக்கு இது சரிவராது" என்று கீழே வைக்கிறார் என்று கவனித்து, அதற்கேற்ப அந்தப் பொருளை அமைக்கிற வேலை. பெயர்தான் புதிது. தமிழில் இந்த வேலையைச் செய்த முன்னோடி ஒருவர், எங்கள் சோனகத் தெருவில் இருந்து சைக்கிளில் போகக்கூடிய சுண்டிக்குளியில் பிறந்தவர்.

ஆர். முத்தையா பிறந்தது 1886இல். யாழ்ப்பாணத்தில் நாலு எழுத்து ஆங்கிலம் படித்த இளைஞர்கள் மலாயா ரயில்வேக்கும் சிங்கப்பூர்க் கந்தோர்களுக்கும் கப்பலேறிய காலம் அது. அவரும் 1907இல் புறப்பட்டார். சிங்கப்பூரில் ஒரு வணிகக் கொம்பனியில் லிகிதராக இருந்தார். கந்தோரில் ஆங்கிலத் தட்டச்சு படபடவென்று ஓடுகிறது. தமிழ்க் கடிதம் என்றால் பேனாவும் மைக்கூடும்தான். இந்த இடைவெளியை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அதை ஒரு கணக்காக எடுத்துப் போட்டுப் பார்த்தவர் அவர்.

கணக்கு சுலபமில்லை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கு 247, அதற்கு மேல் ஜ, ஷ, ஸ, ஹ. தட்டச்சுப் பொறியில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசைகள்; ஷிப்ட் விசையைச் சேர்த்தால் அதன் இரட்டிப்பு. 247ஐ அப்படியே அதற்குள் அடைக்க முடியாது. ஆனால் தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்த்துப் பிரித்தால் வழி தெரிகிறது. ா என்ற கால் எல்லா எழுத்துக்கும் பொது. ெ, ே, ை மூன்றும் முன்னுக்கு வந்து நிற்பவை. இவற்றுக்கு ஆளுக்கொரு விசை போதும். தலையிடி வருவது எழுத்தின் மேலேயே ஏறி உட்காருகிற புள்ளியிலும், இகர ஈகாரக் கொம்புகளிலும்தான். தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை அழுத்தினால் கடதாசி ஒரு இடம் நகர்ந்துவிடும். நகர்ந்த பிறகு புள்ளியை எங்கே வைப்பது?

அதற்குக் கிடைத்த தீர்வுதான் நகரா விசை. புள்ளிக்கான விசையை அழுத்தினால் புள்ளி விழும், கடதாசி அசையாது. அடுத்து க அடித்தால் அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும்: க். எழுதும்போது எழுத்துக்குப் பிறகு புள்ளி வைக்கிறோம், அடிக்கும்போது புள்ளிக்குப் பிறகு எழுத்து. ஜேர்மனியின் சைடல் அன்ட் நௌமான் கொம்பனி தயாரித்த 'பிஜு' என்ற சின்னத் தட்டச்சுப் பொறியில் தமிழ் ஏறியது இப்படித்தான்.

பின்னாளில் நிலைத்துப்போன தமிழ்த் தட்டச்சுப் பலகையைப் பாருங்கள். விரல்கள் இயல்பாகத் தங்கும் நடு வரிசையில் ய, ள, ன, க, ப, த, ம, ட இருக்கின்றன. தட்டச்சு வகுப்புக்குப் போன அக்காமாருக்கு 'யளனகப' இன்றைக்கும் விரலிலேயே இருக்கும். தமிழில் ஒரு பக்கத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள், அடிக்கடி வருகிற எழுத்துகளில் பாதிக்குமேல் அந்த வரிசையில் கிடைக்கும். ஙவும் ஞவும் ஒதுக்குப்புறமாக இருக்கின்றன. எந்த எழுத்து எத்தனை தடவை வரும், எந்த விரல் பலமானது என்று பாராமல் இப்படி ஒரு பலகையை ஒழுங்கு செய்ய முடியாது. ஒன்லைன் பாடத்தில் இதைத்தான் 'பாவனையாளர் ஆய்வு' என்று முதல் வாரத்தில் சொல்லித் தருகிறார்கள்.

அந்தப் பலகைக்கும் குறை இருந்தது. 'கொ' என்று அடிக்க ெ, க, ா என்று மூன்று தட்டு. வாய் முதலில் சொல்வது க், விரல் முதலில் அடிப்பது ெ. பொறிக்கு வேறு வழியில்லை. கணனிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி 'தமிழ்99' என்ற புதிய விசைப்பலகை வந்தது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31 எழுத்து விசைகளுக்குள் காரியம் முடிகிறது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. கவை இரண்டு தரம் அடித்தால் முதல் கவுக்குப் புள்ளி தானாக வரும். ங அடித்து க அடித்தாலும் அப்படியே, 'ங்க' ஆகிவிடும். தமிழில் ஒரே வல்லினம் இரட்டிக்கும், மெல்லினத்துக்குப் பின் அதன் இனமான வல்லினம் வரும் என்ற இலக்கணத்தை விசைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நன்னூலை வெறுத்த பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறார்கள்.

ஆனால் இலங்கை அந்த வழியில் போகவில்லை. 2008இல் வந்த எஸ்.எல்.எஸ். 1326 நியமம், தட்டச்சு ஒழுங்கை ஒட்டிய ரெங்கநாதன் விசைப்பலகையை எடுத்துக்கொண்டது. எது சரி என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் உண்டு. எங்களுக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது. ஒன்று இனிமேல் பழகப்போகிறவரை நினைத்தது, மற்றது கச்சேரியிலும் கந்தோரிலும் ஏற்கனவே பழகிவிட்ட விரல்களை நினைத்தது. "யாருக்காகச் செய்கிறோம்" என்ற கேள்விக்கு விடை மாறினால் பலகையும் மாறுகிறது. எங்கள் பிள்ளைகள் இரண்டையும் தொடாமல் ஆங்கில எழுத்தில் 'அம்மா' அடித்துத் தமிழாக்குகிறார்கள் என்பது தனிக்கதை. அதை முத்தையாவும் எதிர்பார்த்திருக்க மாட்டார், சென்னை மாநாட்டுக்காரரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்குள்ளேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. அறபுத்தமிழ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலும் இலங்கையிலும் மார்க்க நூல்கள் எத்தனையோ அறபு எழுத்தில், தமிழ் மொழியில் அச்சாகின. தமிழ் எழுத்துப் படிக்கப் பள்ளிக்கூடம் போகாத உம்மம்மாமாருக்குக் குர்ஆன் ஓதிய பழக்கத்தால் அறபு எழுத்துத் தெரியும். தெரிந்த எழுத்தில் தெரிந்த மொழியைக் கொடுத்தால் அவர்களே வாசித்துக்கொள்வார்கள். அறபில் ப இல்லை, ட இல்லை, ண, ள, ங இல்லை. இருக்கிற எழுத்துகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி அந்த ஒலிகளை உண்டாக்கினார்கள். எகர ஒகரத்துக்கும் குறிகள் செய்தார்கள். வாசகர் தம்மிடம் வரட்டும் என்று காத்திராமல், வாசகர் நிற்கிற இடத்துக்கு எழுத்தைக் கொண்டுபோன ஆலிம்கள் அவர்கள்.

இதற்கெல்லாம் பெயர் வைக்கப்பட்டது பிந்தித்தான். அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் நோர்மன் 1988இல் அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தள்ளவேண்டிய கதவை நாங்கள் இழுத்தால் பிழை எங்களுடையதில்லை, கதவுடையது என்பது அதில் அவருடைய வாதம். 1993இல் அப்பிள் கொம்பனிக்குப் போனபோது தன் பதவிப் பெயரிலேயே 'பாவனையாளர் அனுபவம்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். சொல் அங்கிருந்து பரவியது.

இங்கே அந்தக் காலம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1993இல் குடாநாட்டில் மின்சாரமே இல்லை, ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தார்கள். நாங்களோ 1990 ஒக்டோபர் 30ஆம் திகதிக்குப் பிறகு இங்கேயே இல்லை, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தோம். ஆகவே இந்தத் துறை எங்கள் பிள்ளைகளிடம் வகுப்பறை வழியாக வரவில்லை, இணைய வழியாகத்தான் வந்தது. 2012இல் கோர்செரா தொடங்கியபோது முதல் பாடங்களில் ஒன்று ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மனித கணனி ஊடாட்டப் பாடம். அதே ஆண்டுதான் இங்கே யாழ் ஐ.ரி. ஹப் 'யாழ் கீக் சலஞ்ச்' போட்டியைத் தொடங்கியது. 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டு சூம் வகுப்பு வந்ததும், ஒன்லைனிலும் படிக்கலாம் என்பது பெற்றோருக்கே பழகிப்போனது. 2021 மார்ச்சில் கூகுளின் யூ.எக்ஸ். சான்றிதழ்ப் பாடநெறி கோர்செராவில் வந்தது. அடுத்த வருடம் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. அதற்குள்ளும் போனில் பாடத்தை இறக்கிவைத்துப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பணம் கட்ட வசதியில்லாதவர்கள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், பதிலுக்குச் சில நாட்கள் பொறுக்க வேண்டும். அதை எழுத உதவி தேவையென்றால் எங்களிடம் வரலாம்.

பாடநெறியின் தொடக்கப் படிகள் இவை: முதலில் பாவிக்கப்போகிறவரை விளங்கிக்கொள்வது, பிறகு அவருடைய பிரச்சினையை ஒரே வசனத்தில் எழுதுவது, அதன் பிறகு பல வழிகளை யோசிப்பது, பென்சிலால் கடதாசியில் கீறிப்பார்ப்பது. ஃபிக்மா மென்பொருளில் வண்ணம் தீட்டுவது பின்னுக்குத்தான் வருகிறது. எங்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? முதல் இரண்டு பாடத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுவிட்டு ஃபிக்மாவில் போய் இறங்குகிறார்கள். திரை அழகாக வருகிறது. யாருக்கு என்று கேட்டால் முழிக்கிறார்கள். பயிற்சிக்காக அவர்கள் எழுதிய கற்பனைப் பாவனையாளர் கலிபோர்னியாவில் இருக்கிறார், பெயர் ஜோன்.

அதனால் போன விடுமுறையில் சில பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடுத்தோம். ஒன்லைன் விண்ணப்பம் ஒன்றைப் போனில் திறந்து, ஊரில் ஐந்து பேரிடம் கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். வாய் திறக்கக்கூடாது, உதவி செய்யக்கூடாது. ஐந்து பேர் போதுமா என்றால் போதும். யாக்கோப் நீல்சன் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டிலேயே அதை எழுதியிருக்கிறார். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் வெளியே வந்துவிடும்.

வந்தன. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம். எங்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? ஒருவர் வாப்பாவின் பெயரை முதலில் போட்டார், ஒருவர் இரண்டு கட்டத்திலும் தன் பெயரையே போட்டார். தமிழைத் தெரிவு செய்தால் சொற்கள் நீண்டு கட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டன, ஆங்கிலத்துக்கு அளந்த சட்டையில் தமிழை நுழைத்தமாதிரி. நிரந்தர முகவரி என்ற இடத்தில் ஒரு மாமி வெகுநேரம் அப்படியே இருந்தார். பதிவு புத்தளத்தில், உறுதி யாழ்ப்பாணத்தில், இருப்பது மகளின் வாடகை வீட்டில். கட்டமோ ஒன்றுதான். கடைசியில் இரகசிய இலக்கம் போனுக்கு வரும் என்றது திரை. வரவில்லை. மாமி கொடுத்தது மகனுடைய இலக்கம், மகன் கத்தாரில். அங்கே அவர் வேலைக்களத்தில் நிற்கிறார், இங்கே இரண்டு நிமிடம் முடிந்து திரை முதலில் இருந்து தொடங்கச் சொல்கிறது.

"மாமிக்குப் போன் பாவிக்கத் தெரியாது" என்று ஒரு பிள்ளை குறிப்பில் எழுதியிருந்தது. அதை வெட்டிவிட்டு, பிரச்சினையை ஒரே வசனத்தில் எழுதச் சொன்னோம். அரை மணித்தியாலம் கழித்து இப்படி எழுதிக்கொண்டு வந்தது: "போன் தன்னிடம் இல்லாத, இரண்டு ஊரில் வாழ்ந்த ஒருவர், யாருடைய உதவியும் இல்லாமல் விண்ணப்பத்தை முடிக்க வேண்டும்." படிப்பின் இரண்டாம் படி இதுதான். கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ இருந்து யாரும் இந்த வசனத்தை எழுதித் தரமாட்டார்கள், அவர்களுக்கு மாமியைத் தெரியாது. இது எழுதப்படாத வரைக்கும் வருகிற ஒவ்வொரு செயலியிலும் மாமி அந்தக் கட்டத்தில்தான் நிற்பார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இந்தப் படிப்புக்கு உடனே விலை கூடிய மடிகணனி வாங்கிக் கொடுக்க வேண்டாம். முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு போன், ஒரு சி.ஆர். கொப்பி, பென்சில், அழிறப்பர் போதும். ஆங்கிலம் பயமென்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து இருந்து பார்க்கட்டும். பொம்பிளைப் பிள்ளைகள் வீட்டில் இருந்தே படிக்கலாம், ஆனால் ஆட்களிடம் போய்க் கேட்கிற பகுதிக்கு அவர்களை வெளியே விடத்தான் வேண்டும். உம்மாவோ சாச்சியோ கூடப் போனால் போதும்.

அடுத்த விடுமுறையிலும் இதே பயிற்சியைச் செய்ய இருக்கிறோம், இந்தமுறை தமிழ் விசைப்பலகைகளை வைத்து. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஐந்து பேர் தேவை. தட்டச்சுப் படித்தவர் ஒருவராவது இருந்தால் நல்லது. முக்கால் மணித்தியாலம் பிள்ளைகளோடு இருந்து, ஒரு கடிதத்தை மூன்று விதமாக அடித்துக் காட்ட வேண்டும். பிழைவிட்டால் இன்னும் சந்தோஷம். விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், எழுதக் கஷ்டமென்றால் குரல் பதிவு அனுப்புங்கள். தேத்தண்ணியும் வடையும் எங்கள் பொறுப்பு.