பேபி சேர் இருக்கா அண்ணே?

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தங்கமணியையும் ஒண்ணே முக்கால் வயசு வாண்டையும் கூட்டிக்கிட்டு ஒரகடத்துல ஒரு ஹோட்டலுக்குப் போனேன். (பேரெல்லாம் வேண்டாம், பாவம்.) உட்கார்ந்த மூணாவது நிமிஷம் தண்ணி டம்ளர் கீழே. அஞ்சாவது நிமிஷம் சாம்பார் கிண்ணம் என் பேண்ட் மேல. பக்கத்து டேபிள்ல ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்த நாலு பசங்க. சிரிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சு, கடைசியில சிரிச்சே விட்டாங்க.

"பேபி சேர் இருக்கா அண்ணே?"ன்னு சூப்பர்வைசரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சவர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சொருகி எடுத்துட்டு வந்தார். ஐடியா என்னவோ நல்ல ஐடியாதான். ஆனா வாண்டு அதுல ஏறி நின்னு டான்ஸ் ஆட ஆரம்பிச்சதும் நாங்களே இறக்கி விட்டுட்டோம்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இங்க ஃபேமிலி அவ்வளவா வர்றதில்ல. எல்லாம் பேச்சிலர் பசங்கதான்"ன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில தங்கமணி மெதுவா ஆரம்பிச்சாங்க. "பாப்பாவுக்கு மூணு வயசு ஆகுற வரைக்கும் நான் கும்பகோணத்துல அம்மா வீட்லயே இருந்துக்கட்டுமா? இந்த ஊர்ல நாங்க எங்கதான் போறது?"

எனக்கு பதில் தெரியல. பிளான்ட்டுக்கு மென்பொருள் எழுதுற ஆளு நான். ஒரு பிரச்சினை வந்தா, எந்த இடத்துல ஆரம்பிச்சதுன்னு பின்னாடி போய்த் தேடுறதுதான் பழக்கம். அதே மாதிரி இதையும் தேடினேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

ஹோட்டல்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடி வழிப்போக்கனுக்குச் சோறு போட்டது சத்திரம்தான். 1801-ல தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி, அங்கிருந்த ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களை ஏன் விட்டுக் கொடுக்க முடியாதுன்னு விளக்குற கடிதம் அது. யார் யாருக்குச் சாப்பாடு, நோயாளிக்கு என்ன மருந்துன்னு அடுக்கிக்கிட்டே போறவர், கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிறதையும் மறக்காம சொல்றார். வழியில பிரசவ வலி வந்த பெண்களுக்கு அங்கேயே பிரசவம் பார்த்ததையும் சொல்றார். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, சாப்பிட வர்றவங்கள்ல குழந்தையும் ஒரு ஆள்னு கணக்கு வெச்சிருக்காங்க!

அப்புறம் காபி கிளப் வந்துச்சு. ஆபீஸ் குமாஸ்தா, வெளியூர்ல படிக்கிற மாணவன், கேஸ் விஷயமா வந்த மிராசுதார்னு எல்லாரும் தனியா வந்த ஆம்பளைங்க. யார் உள்ளே வரலாம்ங்கிறதுக்கே சண்டை போட வேண்டிய காலம் அது. ரயில் நிலைய உணவகங்கள்ல பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்குற வழக்கம் 1941-லதான் ஒழிஞ்சது. ஹோட்டல் வாசல்ல தொங்கின 'பிராமணாள்' போர்டை எடுக்கச் சொல்லி 1957-ல திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னாடி பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. இதுல குழந்தையைப் பத்தி யாருக்கு நினைப்பு வரும்? சத்திரத்துல இருந்த பால் கிண்ணம் ஹோட்டல்ல காணாமப் போனது இப்படித்தான்னு எனக்குத் தோணுது.

பெண்களும் குழந்தைகளும் வர ஆரம்பிச்சப்ப கிடைச்சது 'ஃபேமிலி ரூம்'. தட்டி வெச்சு மறைச்ச ஒரு மூலை. வசதிதான், ஆனா அது கண்ணுக்குத் தெரியாம உட்கார வைக்கிற ஏற்பாடு. வேற வழி காட்டினது 1962-ல கதீட்ரல் ரோட்டுல வந்த உட்லண்ட்ஸ் டிரைவ் இன். சர்வர் கார்கிட்டயே வந்து, கதவுல தட்டை மாட்டிட்டுப் போவார். சாம்பாரைக் கொட்டினா நம்ம சீட்டுல கொட்டும், யாரும் முறைக்க மாட்டாங்க. மரத்தடியில ஓட நிறைய இடம். 2008-ல மூடிட்டாங்க, இப்ப அங்கே செம்மொழிப் பூங்கா. அங்கே ஓடி விளையாடின குழந்தைங்க பலர் இன்னிக்குத் தாத்தா பாட்டி. ஆனா இப்படி உட்கார்ந்து சாப்பிடக் கார் வேணும். பஸ்ல வர்றவனோட குழந்தைக்கு அந்த வசதி இல்ல.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். 1996-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டி, 1998-ல சான்ட்ரோ வெளியே வந்துச்சு. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா, 2014-ல அதை மூடினாங்க. 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிசான், 2012-ல டெய்ம்லர். ஒவ்வொண்ணும் வந்தப்ப கூடவே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பெட்டியோட வந்து இறங்கினாங்க. அவங்களுக்காக மெஸ், பிரியாணிக் கடை, பரோட்டாக் கடை. அதாவது காபி கிளப் காலம் இங்கே முதல்ல இருந்து மறுபடியும் நடந்திருக்கு!

இது தற்செயலும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில ஐபோன் பூட்டுற வேலைக்குக் கல்யாணம் ஆன பெண்களைத் தவிர்க்கிறாங்கன்னு 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் செய்தி போட்டுச்சு. மத்திய அரசு தமிழக அரசுகிட்ட அறிக்கை கேட்டுச்சு. புதுசா சேர்ந்தவங்கள்ல கால்வாசிப் பேர் கல்யாணம் ஆன பெண்கள்னு கம்பெனி தரப்புல சொன்னாங்க. ரெண்டே மாசத்துல, ஆகஸ்ட்ல, வல்லம் வடகால்ல 18,720 படுக்கைகளோட பெண் தொழிலாளர் விடுதியை முதல்வர் திறந்து வெச்சார். ரொம்ப நல்ல விஷயம், சந்தேகமே இல்ல. ஆனா படுக்கைக்குக் கணக்கு இருக்கு. தொட்டிலுக்கு?

நம்ம ஊருக்கு கம்பெனி கொண்டு வந்த நாடுகளையும் பார்த்தேன். டோக்கியோவுல 1930-லயே மிட்சுகோஷிங்கிற பெரிய கடையோட உணவகத்துல குழந்தைகளுக்குன்னே தனித் தட்டு போட்டாங்க. மலை மாதிரி குவிச்ச சோத்து மேல குட்டிக் கொடி! ஜப்பான் முழுக்கப் பரவி இன்னிக்கும் இருக்கு. கொரியாவுல இதுக்கு நேர் எதிர். கடந்த பத்துப் பன்னெண்டு வருஷமா 'குழந்தைகளுக்கு அனுமதி இல்லை'ன்னு போர்டு மாட்டுற கடைகள் பெருகிடுச்சு. 2017-ல ஜெஜு தீவுல 13 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களை விடாத ஒரு உணவகத்தைப் பத்தி, இது பாகுபாடுதான்னு அந்த நாட்டு மனித உரிமை ஆணையம் சொல்லுச்சு. குழந்தை பிறப்பு விகிதம் உலகத்துலயே ரொம்பக் குறைஞ்ச நாடுகள்ல கொரியாவும் ஒண்ணு. ரெண்டுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தகுதியில்ல. ஆனா வண்டியில தங்கமணி கேட்ட கேள்வி மறுபடியும் ஞாபகத்துக்கு வந்துச்சு.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அன்னிக்கு சாம்பார் கொட்டினப்ப துடைக்க வந்த சர்வர் ஒடிசாக்காரப் பையன். துடைச்சு முடிச்சுட்டு, "அக்கா, நீங்க சாப்பிடுங்க"ன்னு சொல்லி வாண்டைத் தூக்கிக்கிட்டான். நாங்க தோசையை முடிக்கிற வரைக்கும் கண்ணாடிப் பெட்டியில இருந்த லட்டை ஒவ்வொண்ணா காட்டி எண்ணிக்கிட்டு இருந்தான், அவன் பாஷையில. அழுமூஞ்சி வாண்டு சத்தமே போடல. பில் கொடுக்கும்போது கேட்டேன். "எனக்கும் பொண்ணு சார். இதே வயசு. ஊர்ல இருக்கு. வீடியோ கால்ல பார்ப்பேன்"ன்னான்.

எங்க வீட்டுல இன்னும் முடிவாகாத விஷயம், அவன் வீட்டுல எப்பவோ முடிவாகிடுச்சு.

தங்கமணிகிட்ட நேத்து சொன்னேன், ஆறு மாசம் பார்ப்போம், அதுக்கப்புறம் யோசிக்கலாம்னு. "ஆறு மாசத்துல ஊர் மாறிடுமா?"ன்னாங்க. மாறாதுதான். ஆனா ஃபேமிலி வரலன்னு சேர் வாங்க மாட்டாங்க, சேர் இல்லைன்னு நாம போகாம இருந்தா எப்பதான் வாங்குவாங்க? அதனால இந்த ஞாயித்துக்கிழமையும் அதே ஹோட்டலுக்குத்தான் போறோம். மாத்து பேண்ட் எடுத்து வெச்சாச்சு. போய் உட்கார்ந்ததும் மறுபடியும் கேட்பேன்: "பேபி சேர் இருக்கா அண்ணே?"