இருபதாயிரம் குழந்தைகளும் கொஞ்சம் பாலும்

1930 பிப்ரவரி. ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயர் மாவட்டம், நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் நிறைந்த பகுதி. அங்கே 67 பள்ளிகளில் ஒரு சோதனை தொடங்கியது. மொத்தம் 20,000 குழந்தைகள். 10,000 பேருக்கு தினமும் முக்கால் பைண்ட் பால், நம்ம கணக்கில் 425 மில்லி. அதில் பாதிப்பேருக்குப் பச்சைப் பால், பாதிப்பேருக்கு பாஸ்டரைஸ் செய்த பால். மீதி 10,000 பேருக்கு எதுவும் கிடையாது. தொடக்கத்தில் ஒருமுறை உயரமும் எடையும் அளந்தார்கள், ஜூனில் மறுபடி. பால் குடித்தவர்கள் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். பள்ளியில் பால் கொடுக்க இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

அடுத்த வருடமே 'பயோமெட்ரிகா' இதழில் இதைப் பிரித்து மேய்ந்தார் ஒருவர். கட்டுரையில் இருந்த பெயர் 'ஸ்டூடண்ட்'. உண்மைப் பெயர் வில்லியம் சீலி காசெட், டப்ளினின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை. கையில் நாலைந்து அளவுகள் மட்டும் இருக்கும்போது சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று 1908இல் எழுதியவர் அவர்தான். அதை இரண்டு தனித்தனிக் குழுக்களை ஒப்பிடும் முறையாக விரித்தவர் ரொனால்ட் ஃபிஷர். இன்று கல்லூரியில் நாம் மனப்பாடம் பண்ணும் டி-டெஸ்ட் அதுதான். விஷயம் எளிமையானது: இரு சராசரிகளின் வித்தியாசத்தை, அந்த வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடுமோ அந்த அளவால் வகுக்கிறோம்.

காசெட் கணக்கைக் குறை சொல்லவில்லை. குழந்தைகளைப் பிரித்த விதத்தைத்தான் சொன்னார். சீட்டுக் குலுக்கியோ அகர வரிசைப்படியோதான் தேர்வு நடந்தது. ஆனால் ஒரு குழுவில் சத்துள்ள பிள்ளைகளோ நோஞ்சான்களோ அதிகமாகத் தெரிந்தால் ஆசிரியர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. ஆசிரியர்களும் மனிதர்கள்தானே. வாடிப்போன பிள்ளைக்குப் பால் கிடைக்கட்டும் என்று கை தானாக நகர்ந்திருக்கும். விளைவு, பால் கிடைக்காத குழு ஆரம்பத்திலேயே உயரத்திலும் எடையிலும் முந்தியிருந்தது.

இன்னொன்று, உடுப்போடு எடை பார்த்தார்கள். பிப்ரவரியில் குளிர்கால உடை, ஜூனில் கோடை உடை. வசதியான பிள்ளை கனமான கோட்டைக் கழற்றியதும் எடை குறைகிறது. ஏழைப் பிள்ளைக்குக் கழற்ற என்ன இருக்கிறது? பால் குழுவில் ஏழைகள் அதிகம் என்றால், கோட்டு இல்லாததும் பாலின் பலனாகக் கணக்கில் ஏறிவிடும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 20,000 என்ற எண். ஆட்களை 100 மடங்காக்கினால் தற்செயல் ஆட்டம் 10 மடங்கு குறையும். ஆனால் பிரித்ததில் விழுந்த கோணல் இம்மியும் குறையாது. பெரிய எண் அந்தக் கோணலை இன்னும் உறுதியான குரலில் பேச வைக்கும், அவ்வளவுதான். காசெட் சொன்ன மாற்று வழி: 50 ஜோடி ஒத்த இரட்டையர் போதும், ஒருவருக்குப் பச்சைப் பால், மற்றவருக்கு பாஸ்டரைஸ் செய்த பால், யாருக்கு எது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யலாம். செலவும் மிகக் குறைவு.

மென்பொருள் வேலையில் நாங்கள் தினமும் இதே ஒப்பீட்டைச் செய்கிறோம்: பழைய திரை ஒரு குழுவுக்கு, புதியது இன்னொரு குழுவுக்கு. லட்சக்கணக்கான பயனர்கள் என்றதும் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். புதிய திரை புது போன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் போயிருந்தால், நாம் அளப்பது திரையையா, பணத்தையா?

1934இல் பிரிட்டனில் பள்ளிப் பால் மானிய விலையில் வந்தது. நல்ல காரியம்தான். பசித்த பிள்ளைக்குப் பால் கொடுக்க டி-டெஸ்ட் தேவையில்லை. அந்தப் பால் எவ்வளவு வளர்த்தது என்று சொல்ல வேண்டுமானால், யாருக்குக் கொடுப்பது என்பதை இரக்கத்திடம் விடாமல் நாணயத்திடம் விட வேண்டும். அந்த வகுப்பறையில் நின்றிருந்தால் என்னால் அது முடிந்திருக்குமா, தெரியவில்லை.