நிகழ்வுக் கேட்பான் கசிவு

செயலியின் இடைமுகத்தில் ஒரு பகுதி, வேறொரு பகுதியில் நடப்பதை அறியக் கேட்பானாகப் பதிவு செய்துகொண்டு, தன் வேலை முடிந்த பின்னும் அந்தப் பதிவை நீக்காமல் விடுவதால் ஏற்படும் நினைவக விரயம். நிரல் நின்றுவிடுவதில்லை, பிழைச்செய்தியும் வருவதில்லை. பல மணி நேரம் திறந்தே கிடக்கும் செயலி மெல்ல மெல்லக் கனத்துப்போகும்.

ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில், இயங்கும் நிரலிலிருந்து எட்ட முடியாத பொருள்களை மட்டுமே கார்பேஜ் கலெக்டர் அகற்றும். அமைப்புகள் பேனல் ஒன்று, ஜன்னலின் அளவு மாறுவதை அறிய, அந்த ஜன்னலைக் குறிக்கும் 'விண்டோ' என்ற பொருளில் ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்கிறது என்று கொள்வோம். பேனலை மூடிய பின்னும் விண்டோ அந்த ஃபங்ஷனைப் பிடித்திருக்கும். ஃபங்ஷன் பேனலைப் பிடித்திருக்கும். பத்து முறை திறந்து மூடினால் கண்ணுக்குத் தெரியாத பத்துப் பேனல்கள் நினைவகத்தில் தங்கி, அளவு மாறும்போதெல்லாம் பத்தும் வேலை செய்யும். பேனலுக்குள்ளேயே இருக்கும் பொத்தானின் கேட்பானுக்கு இந்தச் சிக்கல் இல்லை; இன்றைய உலாவிகளில் பொத்தானோடு அதுவும் போய்விடும். ஆயுள் நீண்டது ஆயுள் குறைந்ததைப் பிடித்திருப்பதே கசிவின் வேர்.

இந்தப் பிரச்சினையின் வரலாற்றில் சூரிச்சுக்குத் தனி இடம் உண்டு. அங்கே பிறந்த எரிக் காமா, மூவருடன் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல், கேட்பான் முறையை 'அப்சர்வர்' என்ற பெயரில் விளக்கியது. அந்நூலின் உதாரணங்கள் பெரும்பாலும் சி பிளஸ் பிளஸ் மொழியில் அமைந்தவை. அந்த மொழியில் அச்சம், அழித்துவிட்ட பொருளை இன்னொன்று சுட்டிக்கொண்டிருக்குமே என்பது. தானியங்கி நினைவக மேலாண்மை பரவலானதும் நிலைமை தலைகீழானது: சுட்டிக்கொண்டிருப்பதாலேயே பொருள் அழியாமல் நின்றது.

காமா 2011-இல் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்து சூரிச்சில் அமைத்த குழுதான் விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டரை உருவாக்கியது. 2015 ஏப்ரலில் அது அறிமுகமானது; அதே ஆண்டு நவம்பரில் அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. அதைப் படிப்பவர் எவருக்கும் ஒரு கட்டுப்பாடு உடனே புலப்படும். நிகழ்வுக்குப் பதிவு செய்தால் 'டிஸ்போஸ்' என்ற செயலுடைய பொருள் ஒன்று திரும்பக் கிடைக்கும். அதை அழைத்தால் பதிவு நீங்கும். அந்தப் பொருளை, பதிவு செய்த வரியிலேயே, அதன் உரிமையாளரின் (பேனல் போன்றதன்) சேமிப்பில் போட்டுவிடுகிறார்கள். பேனல் அழியும்போது சேமிப்பில் உள்ள அத்தனையும் ஒருசேர விடுபடும். ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட சேமிப்பில் புதிதாக ஒன்றைப் போட முயன்றால் எச்சரிக்கை எழும். நினைவாற்றலை நம்பாமல் உரிமையை நிரலிலேயே எழுதிவைக்கும் இந்த வழியே ஆகச் சிறந்தது.

பதிவை நீக்கும்போது, சேர்த்த அதே ஃபங்ஷனைக் கொடுக்க வேண்டும். ஃபங்ஷனை ஒரு பொருளோடு இணைக்கும் 'பைண்ட்' ஒவ்வொரு முறையும் புதிய ஃபங்ஷனைத் தருவதால், சேர்க்கும்போது ஒன்றும் நீக்கும்போது இன்னொன்றுமாக எழுதினால் எதுவும் நீங்காது, பிழையும் காட்டாது. இதைத் தவிர்க்க, பல கேட்பான்களுக்கு ஒரே 'அபார்ட் கன்ட்ரோலர்' சமிக்ஞையைக் கொடுத்து, ஒரே அழைப்பில் எல்லாவற்றையும் நீக்கலாம். ரியாக்ட் நூலகத்தில் 'யூஸ் எஃபெக்ட்'டுக்குக் கொடுக்கும் ஃபங்ஷன், பதிவை நீக்கும் ஒரு ஃபங்ஷனைத் திருப்பித் தரலாம். பொருளை அழியவிடாமல் தடுக்காத சுட்டியான வீக் ரெஃபரன்ஸ் எப்போது விடுபடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால் அதை முதல் தீர்வாகக் கொள்வது சரியல்ல.

கசிவைக் கண்டுபிடிக்க, பேனலைப் பலமுறை திறந்து மூடி, முன்னும் பின்னும் குரோம் உலாவியின் கருவியில், நினைவகத்தில் உள்ள பொருள்களைப் பதிவு செய்யும் ஹீப் ஸ்னாப்ஷாட் எடுத்து ஒப்பிடுவார்கள். நோட் ஜேஎஸ், ஒரே நிகழ்வுக்குப் பத்துக்கு மேல் கேட்பான்கள் சேர்ந்தால் இயல்பாகவே எச்சரிக்கும். சூரிச் எடிட்டரின் கண்காணிப்பு நிரல் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த இடத்திலிருந்து அதிகப் பதிவுகள் வந்தன என்பதையும் காட்டுகிறது.