பழி யாரிடம் தங்கியது? சின்ன மேளம் முதல் முற்றவெளி வரை

யாழ்ப்பாணத்தில் ‘ஆபாசம்’ பற்றிய சர்ச்சை சினிமாவோடு தொடங்கியதல்ல. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் நடந்த தேவதாசியர் ஆட்டத்தை ஆறுமுக நாவலர் (1822–1879) கடுமையாகக் கண்டித்தார். அவருக்குப் பின்னும் பல காலம் தீபகற்பத்துத் திருவிழாக்களில் சின்ன மேளம் ஆடியது. தமிழ்நாட்டிலிருந்து கோஷ்டிகளை வரவழைத்துக் காசு கொடுத்தவர்கள் உபயகாரர்கள். ‘அவற்ற திருவிழாவுக்கு ரெண்டு கோஷ்டி எண்டா எங்கட திருவிழாவுக்கு மூண்டு’ என்ற மாதிரிப் போட்டி.

காலப்போக்கில் ஆட்டம் நின்றது. தேவரடியார் என்ற சொல் வசையாகத் தேய்ந்தது. உபயகாரர் என்ற சொல் இன்றும் மரியாதைச் சொல்தான். பழி யாரிடம் தங்கியது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

இந்தக் கணக்கைத் திருப்பிக் கேட்டவர்கள் 1980களின் பெண்ணிலைவாதிகள். பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுதியில் பெண்களே தங்களைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சு நீடிக்கவில்லை. 1989 செப்டம்பர் 21இல் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். 1991இல் கவிஞர் செல்வி கடத்தப்பட்டார், திரும்பி வரவேயில்லை. இடையில் 1990 ஒக்டோபர் 30இல் யாழ் நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் துரத்தப்பட்டார்கள். அந்தப் பேச்சில் சோனகத் தெருப் பெண்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடமும் அதோடு போய்விட்டது.

2024 பெப்ரவரி 9இல் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. தமன்னா உட்படச் சினிமா நட்சத்திரங்கள் வந்திருந்தார்கள். கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு முன்னால் பாய, நிகழ்ச்சி தடைப்பட்டது. பிறகு நான் கேட்ட பேச்சில் பாதி நடிகைகளின் உடுப்பைப் பற்றித்தான். ‘உப்பிடி உடுத்தா பெடியள் என்ன செய்வாங்கள்?’ தடுப்பை உடைத்தது உடுப்பா?

சினிமாப் பாட்டில் பெண்ணுடல் சரக்காவதைப் பெண்ணிலைவாதிகளும் எதிர்க்கிறார்கள், நமது உலமாக்களும் எதிர்க்கிறார்கள். ஆனால் கேள்வி வேறு. ஆர் காசு போட்டது, ஆர் உழைச்சது, ஆர் பார்த்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். அவள் என்ன உடுத்தாள் என்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். ஸூரா அந்நூரின் 30ஆவது வசனம் பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் முஃமினான ஆண்களுக்கே கட்டளையிடுகிறது. பெண்களுக்கான கட்டளை 31இல் வருகிறது. வரிசையைப் புரட்டியவர்கள் நாம்.

இதில் நமக்கு நட்டமும் உண்டு. 2018இல் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயாவுக்கு எதிராகப் போராட்டம் நடந்தபோது, ‘அவள் உடுப்பை அவளே தீர்மானிக்கட்டும்’ என்றோம். ஊர் ஒரு பெண்ணின் உடுப்பை வைத்து அவள்மேல் பழி போடலாம் என்று இன்று நாம் ஒப்புக்கொண்டால், நாளைக்கு அதே அதிகாரம் அபாயா மேலும் பாயும். ஹலால், ஹராம் வேறு. பழி போடும் அதிகாரம் வேறு.

நமது கலியாண வீடுகளிலும் அதே சினிமாப் பாட்டுகள்தான் ஒலிக்கின்றன. காசு கொடுத்துப் போடச் சொல்பவர் யார்? அடுத்த குத்பா அவரிடமிருந்து தொடங்கட்டும்.