காற்றுப்பையும் எச்சரிக்கை விளக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

இயந்திரத்தில் ஏற்படும் பழுது பெரும்பாலும் தன்னைத் தானே அறிவித்துவிடும். பிறேக் தளர்ந்தால் வாகனம் நிற்கத் தாமதிக்கும். எஞ்சின் அளவு கடந்து சூடேறினால் ஆவி எழும். மோட்டார்க் காரின் காற்றுப்பையோ இதற்கு விலக்கானது. பல்லாண்டுகள் சுக்கானுக்குள் மடிந்து கிடந்து, விபத்து நேரும்போது ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் விரிய வேண்டிய கருவி அது. அதனை முன்கூட்டியே இயக்கிப் பரீட்சித்தல் இயலாது; ஒருமுறை இயக்கினால் கருவியே தீர்ந்துவிடும். ஆகவே அதன் நிலையைச் சாரதிக்கு அறிவிக்கும் பொறுப்பு ஒரு சிறு விளக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்விளக்கு எதனை அறியும், எதனை அறியாது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1953 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோன் ஹெட்றிக் என்பவரும், ஜேர்மனியில் வால்டர் லின்டரர் என்பவரும் தனித்தனியே காற்றுப்பைக்கான ஆக்கவுரிமையைப் பெற்றனர். ஆயின் அவர்கள் எண்ணிய அமுக்கப்பட்ட காற்று, மோதலின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவல்லதாக இருக்கவில்லை. மோதலை உணரும் கருவிகளும், வெடித்து வாயுவை வெளியிடும் இரசாயனங்களும் உருவான பின்னரே அக்கனவு கைகூடிற்று. 1970களின் நடுப்பகுதியில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் ஏறத்தாழப் பத்தாயிரம் காற்றுப்பைக் கார்களை விற்று, பின்னர் அம்முயற்சியைக் கைவிட்டது. 1981 இல் மெசேடிஸ்-பென்ஸ் அதனை மீண்டும் அறிமுகஞ் செய்தது. 1991 இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், 1998 மாதிரி ஆண்டு முதல் எல்லாப் பயணிகள் கார்களிலும் முன்னாசனங்கள் இரண்டுக்கும் காற்றுப்பையைக் கட்டாயமாக்கிற்று.

காற்றுப்பையுடன் எச்சரிக்கை விளக்கும் சட்டத்துள் இடம்பெற்றது. அமெரிக்க மோட்டார் வாகனப் பாதுகாப்பு நியமம் 208, இத்தகைய அமைப்பு தன்னைத்தானே கண்காணித்தல் வேண்டுமென்றும், அதன் ஆயத்தநிலையைக் காட்டும் அறிகுறி சாரதியின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிதல் வேண்டுமென்றும் விதிக்கின்றது. திறப்பைத் திருப்பியதும் விளக்கு சில விநாடிகள் ஒளிர்ந்து அணைதல் நலத்தின் அடையாளம். அணையாது தொடர்ந்து எரிந்தால் பழுது உண்டென்பது பொருள். முற்றாக ஒளிராது விடின், சாட்சியே ஊமையாகிவிட்டது என்று கொள்ளல் வேண்டும்.

தொடக்ககாலத்தில் பழுதின் தன்மையையும் விளக்கே கூறியது. போர்ட் கார்களில் அது ஈரிலக்கக் குறியீடுகளை மினுக்கி மினுக்கிக் காட்டிற்று. அவ்விளக்குப் பழுதுற்றபோது ஓர் ஒலி எழுந்தது. 1996 இல் அமெரிக்காவில் பொதுவான பழுதறி இணைப்பு கட்டாயமாயினும், அதன் நோக்கம் புகை வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துவதே. ஆகவே மலிவான வாசிப்புக் கருவிகள் பல இன்றும் காற்றுப்பைக் குறியீடுகளை வாசிப்பதில்லை.

பழுதின் காரணங்கள் பல வேளைகளில் எளியனவே. ஆசனத்தை முன்பின் நகர்த்துகையில் அதன் கீழுள்ள மஞ்சள் நிற இணைப்பிகள் தளர்கின்றன. சுக்கானோடு சேர்ந்து சுழலும் சுருள் வடம் காலப்போக்கில் அறுகின்றது. அவ்வேளையில் ஹோர்னும் ஒலிக்காது போவதுண்டு. மின்கலவடுக்கு வலுவிழப்பதும் விளக்கை ஏற்றக்கூடும். ஆயின் திருத்தும் முறை எளிதன்று. மின்கலவடுக்கைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் மின்னேற்றம் எஞ்சியிருக்குமாதலால், தயாரிப்பாளர் விதித்த நேரம் காத்திருத்தல் வேண்டும். டொயோட்டா கார்களுக்கு அது 90 விநாடி. காற்றுப்பையின் தடையை ஓம்மானியால் நேரே அளத்தலும் தகாது. அளவியின் சிறு மின்னோட்டமே அதனை வெடிக்கச் செய்யலாம். அதனிடத்தில் மாற்றுத் தடையொன்றை இணைத்துச் சுற்றைச் சோதித்து, பழுதைக் கண்டறிந்தபின் அத்தடையை அகற்றுவதே முறை.

இம்மாற்றுத் தடையே ஏமாற்றுக்கும் கருவியாகின்றது. கட்டுப்பாட்டுப் பெட்டி தேடுவது ஏறத்தாழ இரண்டு ஓம் தடையை மட்டுமே; அத்தடை பையினுடையதா, சில சதப் பெறுமதியான துண்டினுடையதா என அது வினவுவதில்லை. விபத்தில் விரிந்த பைக்குப் பதிலாக அத்துண்டை நிரந்தரமாகப் பொருத்தினால் விளக்கு அணைந்துவிடும். சுக்கானின் உள்ளே பை இராது.

ஏமாற்று இல்லாத இடத்திலும் விளக்கு அறியாத உண்மை உண்டு. யப்பானின் தகாட்டா நிறுவனம் பயன்படுத்திய அமோனியம் நைத்திரேற்று, நீண்டகால வெப்பத்தாலும் ஈரப்பதனாலும் தரங்குன்றி, உலோகக் கலத்தையே சிதறடித்துப் பயணிகளைக் கொன்றது. 2008 இல் தொடங்கிய மீளழைப்பு அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடி 70 இலட்சம் பைகளை உள்ளடக்கிற்று. 2017 இல் நிறுவனம் வங்குரோத்தடைந்தது. அக்கார்களின் மின்சுற்றில் குறையில்லை. ஆதலால் விளக்கு எரிந்து எச்சரிக்கவும் இல்லை. வெப்பமும் ஈரப்பதனும் மிக்கதும், பாவித்த யப்பானிய கார்களைப் பெருமளவில் வாங்கி வந்ததுமான நம் நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

எனவே விளக்கை அணைப்பது வேறு, பழுதை நீக்குவது வேறு. எரியும் விளக்கு உண்மையையே உரைக்கின்றது. அதனை அவமதித்தல் அறியாமை. அணைந்த விளக்கோ மின்சுற்று நிறைவாயுள்ளது என்பதற்கு மேல் எதனையும் உறுதி செய்வதில்லை. எஞ்சியதற்குத் திருத்துவோரின் நேர்மையும், மீளழைப்புப் பட்டியலைத் தேடிப்பார்க்கும் உரிமையாளரின் விழிப்புமே காப்பாகும்.