தாமாக விலகியவர்

கூலிக்கு உழைக்கும் ஒருவன் தன் வேலையை விட்டு நீங்குவதைச் சட்டம் எவ்வாறு நோக்கி வந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் பொருள். முந்தைய மலர்களில் கோயில்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் அன்பர்கள் அழகுற எழுதியுள்ளனர். நாம் எடுத்துக்கொண்டது அத்துணை இனிய பொருளன்று. ஆயினும், இக்குடியிருப்பில் மாதச் சம்பளத்தை நம்பி வாழாத குடும்பம் எது? மேலதிகாரியின் கடுஞ்சொல்லைப் பொறுக்கமாட்டாமல், “இந்த உத்தியோகமே வேண்டாம்” என்று ஒருநாளேனும் வீட்டில் வந்து சொல்லாதவர் யார்? சொன்னவர் பலர், காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர் சிலர். அச்சிலரைச் சட்டம் ‘தாமாக விலகியவர்’ என்கின்றது. இச்சொற்றொடர் எங்கிருந்து வந்தது, யாரைப் பாதித்தது என்று பார்ப்போம். நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர், வக்கீல் அல்லர். கற்றோர் பொறுத்தருள்க.

வேலையை விடுவது நம் நாட்டில் ஒருகாலத்தில் சிறைக்குரிய குற்றமாக இருந்தது என்றால் இன்றைய இளைஞர் நம்பமாட்டார். 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம், தொழிலாளர் ஒப்பந்த முறிவுச் சட்டம் எனப்படுவது, கல்கத்தா வணிகர்களின் முறையீட்டின்பேரில் பிறந்தது. முன்பணம் பெற்ற கைவினைஞனோ கூலியாளோ நியாயமான காரணமின்றி வேலையைக் கைவிட்டால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் செல்லலாம். மாஜிஸ்திரேட், பணத்தைத் திருப்பிக் கொடு என்றோ, வேலையைச் செய்து முடி என்றோ ஆணையிடுவார். ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். வாக்குத் தவறிய முதலாளிக்கு இச்சட்டத்தில் சிறை இல்லை. தேயிலைத் தோட்டங்களில் நிலை இன்னும் கொடிது. அஸ்ஸாமில், ஓடிப்போன கூலியைத் தோட்டத்துரையே பிடித்துக் கட்டிக் கொண்டுவரும் அதிகாரம் 1865 முதல் சட்டத்திலேயே இருந்தது. 1908-இல்தான் அது நீங்கிற்று. சென்னை மாகாணத்திலும் 1903-இல் தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நம் பாட்டனார் காலத்தில் மலையேறிய தமிழர் பலர் அதன் நிழலில் வாழ்ந்தவரே.

இங்கிலாந்திலும் இத்தகைய சட்டம் இருந்தது. ஆயின் அங்கே 1875-இல் அது ஒழிந்தது. அதே ஆட்சியின்கீழ் இங்கே 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் தீர்மானம் 1925-இல்தான் வந்தது. ஐம்பது ஆண்டு இடைவெளி! ‘நியாயமான காரணமின்றி’ என்ற அந்தச் சொற்களை மட்டும் அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். குற்றச் சட்டத்திலிருந்து வெளியேறிய அச்சொற்கள், சிறிது உருமாறி வேறொரு வாயில் வழியே உள்ளே வந்ததையே இனிக் கூறப்போகிறோம்.

அந்த வாயில், வேலையின்மை இன்ஷ்யூரன்ஸ். 1909-இல் இங்கிலாந்தின் வர்த்தக இலாகா மந்திரியாக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். இந்தியரின் விடுதலையை அவர் விரும்பாதவர் என்பதால் நமக்கு அவர்மீது அன்பு கிடையாது. எனினும் இவ்விஷயத்தில் அவர் கூறியதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தொழிலாளி வாரந்தோறும் சிறு தொகை செலுத்துவான், முதலாளியும் செலுத்துவார், சர்க்காரும் ஒரு பங்கு சேர்க்கும், வேலை போனால் அந்த நிதியிலிருந்து உதவி. இதுவே திட்டம். உடனே ஒரு கேள்வி எழுந்தது: தன் நடத்தையால் வேலையை இழந்தவனுக்கும், தானே விட்டு வந்தவனுக்கும் பணம் கொடுக்கலாமா?

கூடாது என்றார் இலாகாவின் பெரிய அதிகாரியாகிய லூவெல்லின் ஸ்மித். சர்ச்சில் மாறுபட்டார். அவன் சந்தா செலுத்தியிருக்கிறான். அதனால் உரிமை பெற்றுவிட்டான். ஒருவன் குடியால் வேலை இழக்கலாம், முன்கோபத்தால் இழக்கலாம், மனம்போனபடி நடக்கும் முதலாளியால் இழக்கலாம், புதிய இயந்திரத்தால், வியாபார மந்தத்தால் இழக்கலாம். இவை யாவும் ஒரே ஆபத்தின் பல முகங்களே; கணக்கோடு ஒழுக்கப் போதனையைக் கலப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்பது அவருடைய குறிப்பின் சாரம். மனம்போனபடி நடக்கும் முதலாளியை அவர் இந்த வரிசையில் சேர்த்ததை நோக்குக. கொடுமை செய்யும் மேலாளன் தொழிலாளியின் குற்றமன்று, அவன் தொழிலின் ஆபத்து. கப்பலுக்குப் புயல் போல. இதைவிடத் தெளிவாக இப்பொருளைப் பேசியவர் பின்னாளிலும் அரியர் என்பது நம் எண்ணம்.

ஆயினும் வென்றது அதிகாரியின் கட்சியே. 1911-ஆம் ஆண்டின் தேசிய இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தின் இரண்டாம் பகுதியில் வேலையின்மை உதவி அமைந்தது. கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரப் பொறியியல், இரும்பு வார்ப்பு, வண்டி கட்டுதல், மர அறுப்பு முதலிய தொழில்களில் ஏறத்தாழ 22½ லட்சம் பேர் அதில் அடங்கினர். தொழிலாளி வாரம் 2½ பென்னி, முதலாளி 2½ பென்னி. வேலை போனால் வாரம் 7 ஷில்லிங். ஆண்டுக்குப் பதினைந்து வாரத்துக்கு மேல் இல்லை. 1912 ஜூலையில் சந்தா தொடங்கி, 1913 ஜனவரியில் முதல் உதவித்தொகை கிடைத்தது. தீய நடத்தையால் வேலை இழந்தவனும், ‘தக்க காரணமின்றித் தாமாக விலகியவனும்’ ஆறு வாரம் உதவி பெறத் தகுதியற்றவர் என்று அதே சட்டம் கூறிற்று. ஒருகாலத்தில் விலகியவனுக்குச் சிறை; இப்பொழுது விலகியவனுக்கு ஆறு வாரப் பட்டினி. முன்னேற்றந்தான், ஐயமில்லை.

நடைமுறை எவ்வாறு இருந்தது என்பது குமாஸ்தாக்களாகிய நமக்குச் சுவையானது. வேலை இழந்தவன் வேலைவாய்ப்பு நிலையத்தில் பதிவு செய்வான். ஏன் விலகினான் என்று நிலையத்தார் அவனுடைய பழைய முதலாளிக்கு எழுதிக் கேட்பர். எந்த மேஸ்திரியின் கொடுமையால் அவன் வெளியேறினானோ, பெரும்பாலும் அந்த மேஸ்திரி சொன்னதே பதிலாக வரும். அதிகாரி மறுத்தால், முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர், பொதுவான தலைவர் ஒருவர் அடங்கிய சிறு மன்றத்துக்குச் செல்லலாம். அதற்கும் மேலே, அரசு நியமித்த ‘அம்பயர்’ ஒருவர். கிரிக்கெட்டில் நம் பிள்ளைகள் கூவி அழைக்கும் அதே பெயர். அவருடைய தீர்ப்புகள் அடுத்த வழக்குகளுக்கு வழிகாட்டியாயின.

அவ்வழக்குகளில் படிப்படியாக உருவான கொள்கை இது: தாமாக விலகினான் என்பதை அதிகாரி காட்ட வேண்டும், காட்டிய பின், தக்க காரணம் இருந்தது என்பதை விலகியவன் காட்ட வேண்டும். “நீ எழுதிக் கொடு, இல்லையேல் நாங்கள் நீக்குவோம்” என்று அச்சுறுத்தி வாங்கிய விலகல், தாமாக விலகல் ஆகாது. இதுவரை நன்று. ஆனால் மனக்குறை உள்ளவன் முதலில் மேலிடத்தில் முறையிட்டிருக்க வேண்டும். விலகுமுன் வேறு வேலை தேடியிருக்க வேண்டும். இயன்றவரை பொறுத்திருக்க வேண்டும். நாள்தோறும் பலர் நடுவே இழிவுபடுத்தப்படுகிறவன் எந்த மேலிடத்தில் முறையிடுவது? அம்மேலிடமே அவனை இழிவுபடுத்தினால் யாது செய்வது? 1982-இல் ஓர் ஆசிரியர் வழக்கில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், விலகியவருக்கு நல்ல காரணம் இருப்பது மட்டும் போதாது, அவருடைய வேலையின்மையின் பாரத்தைப் பொதுநிதி சுமப்பது நியாயம் என்று தோன்றவும் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 1911 முதல் ஆறு வாரமாக இருந்த தண்டனை 1986-இல் பதின்மூன்று வாரமாயிற்று. 1988-இல் இருபத்தாறு வாரம் வரை நீண்டது. சர்ச்சில் கலக்கவேண்டாம் என்ற ஒழுக்கப் போதனை, எண்பது ஆண்டில் குறையவில்லை, வளர்ந்தது.

இன்னொரு செய்தி. 1920-இல் இத்திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளருக்கு விரிந்தபொழுது, நிரந்தர இரயில்வே ஊழியர் சான்றிதழ் பெற்று அதிலிருந்து விலகி நிற்க இடமிருந்தது. இரயில்வே உத்தியோகம் போகாத உத்தியோகம் என்ற எண்ணம் அந்நாட்டிலும் இருந்தது போலும்!

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1929 முதல் 1931 வரை நம் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன், ஆலைகளில் ஜாபர் என்றும் நம் பக்கத்தில் மேஸ்திரி என்றும் வழங்கிய இடைமனிதனின் கொடுமையை விரிவாகப் பதிந்தது. ஆளை வேலைக்குச் சேர்ப்பவனும் அவனே; வேலை வாங்குபவனும் அவனே. சேரும்பொழுது தஸ்தூரி, நிலைத்திருக்கவும் தஸ்தூரி. கொடாதவன் தானே ஓடும்படி செய்ய அவனுக்கு ஆயிரம் வழி தெரியும். அவனுடைய அதிகாரத்தைக் குறைக்கத் தொழிலாளர் அதிகாரிகளை நியமிக்குமாறு கமிஷன் கூறிற்று. வேலையின்மை இன்ஷ்யூரன்ஸ் மட்டும் இந்நாட்டுக்கு ஒவ்வாது என்று விட்டுவிட்டது. ஆகவே, மேஸ்திரியால் ஓடியவனுக்கு இருந்த ஒரே இன்ஷ்யூரன்ஸ் அவனுடைய கிராமந்தான்.

அக்கமிஷன் கண்ட கொடுமையின் சுவடு, 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தில் தெரிகின்றது. ஒவ்வொரு பெரிய தொழிற்சாலையும் எவ்வெவற்றுக்கு விதி எழுத வேண்டும் என்ற பட்டியலில், முதலாளியோ அவருடைய ஏஜெண்டுகளோ ஆட்களோ இழைக்கும் அநீதிக்கும் தகாத வசூலுக்கும் எதிராகத் தொழிலாளி பரிகாரம் தேடும் வழியும் ஓர் இனம். அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் அவ்வினம் இருக்கின்றது. இதை அறிந்த தொழிலாளி எத்தனை பேர்?

பண உதவியிலோ, எல்லாச் சட்டமும் ஒரே கோட்டைக் கிழித்தன. 1953-இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்த்த ஆட்குறைப்பு இழப்பீடு, முடிந்த ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம். தாமாக ஓய்வு பெற்றவருக்கு இல்லை. தொழிலாளர் அரசாங்க இன்ஷ்யூரன்ஸ் திட்டம் 1952-இல் கான்பூரில் தொடங்கிற்று. நோய்க்கும் காயத்துக்கும் அதில் வழி இருந்தது. வேலையின்மைக்கு வழி பிறந்தது 2005 ஏப்ரலில்தான். அதுவும் ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும். 2018-இல் தொடங்கிய இரண்டாவது திட்டம் சம்பளத்தில் கால் பங்கைத் தொண்ணூறு நாள் வரை தந்தது. 2020-இல் அது அரைப் பங்காயிற்று. தண்டனையால் நீக்கப்பட்டவரும் தாமாக ஓய்வு பெற்றவரும் புறத்தே நின்றனர். இலண்டனில் ஆறு வாரம் காத்திருந்த பின்னாவது கதவு திறந்தது. இங்கே கதவே இல்லை. ஐந்தாண்டு முடித்தவர் இராஜிநாமாச் செய்தாலும் பணிக்கொடை உண்டு என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு ஒன்றே ஆறுதல். அது உழைத்ததற்குக் கூலியேயன்றி வேலையின்மைக்கு உதவியன்று.

நம் இரயில்வேயிலோ இராஜிநாமா இன்னும் கடியது. 2004-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு உரிய 1993-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளின்படி, இராஜிநாமாச் செய்பவர் தம் கடந்தகாலப் பணி முழுவதையும் இழப்பார். இருபது ஆண்டு உழைத்தவர் ஒரு மாலைநேரக் கோபத்தில் எழுதும் நான்கு வரி, அந்த இருபது ஆண்டையும் அழித்துவிடும்.

கொடுமைக்குப் பெயர் சூட்டியவர் ஐரோப்பியர். ஸ்வீடனில் ஹைன்ஸ் லேமன் என்ற உளநூலறிஞர் 1980-களில் ‘மாபிங்’ என்ற சொல்லைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். ஆந்தையைக் காக்கைகள் கூட்டமாய்ச் சூழ்ந்து கொத்துவதைப் போன்ற செயலுக்கு விலங்கியலார் வழங்கிய சொல் அது. 1993-இல் அந்நாடு இதற்கென விதி வகுத்தது. 2002-இல் பிரான்சு குற்றச் சட்டத்திலேயே சேர்த்தது. 2019-இல் உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் ஓர் உடன்படிக்கை நிறைவேற்றிற்று. நம் நாட்டில் பெண்டிர்க்கு நேரும் பாலியல் தொல்லைக்கு 2013-இல் தனிச் சட்டம் வந்தது. ஏனைய இழிவுக்கு அவ்வாறு தனிச் சட்டம் வரவில்லை.

நாமறிந்த இளைஞர் ஒருவர், பெயர் வேண்டா, ஒரு தனியார் கம்பெனியில் பணியாற்றினார். மாதக்கணக்கில் மேலாளரின் ஏச்சு, கூட்டத்தில் எழுப்பி நிறுத்துதல், விடுப்பு மறுப்பு. ஒருநாள் விலகினார். கடிதத்தின் வாசகத்தை ஆட்பிரிவில் அவர்களே சொன்னார்களாம்: “சொந்தக் காரணங்களை முன்னிட்டு”. அவரும் அவ்வாறே எழுதினார். பிறகு ஒரு சங்கத்தாரிடம் ஆலோசனை கேட்கச் சென்றபொழுது, அவர்கள் முதலில் கேட்டது அக்கடிதத்தின் நகலை. மேலாளரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதற்கு முன் அவர் எழுத்து மூலம் முறையிட்டதும் இல்லை. தேதியிட்ட ஒரு முறையீட்டுக் கடிதம் இருந்திருந்தால், விலகல் தம் விருப்பால் நேர்ந்ததன்று என்று வாதிட ஒரு பிடி இருந்திருக்கும் என்றனர்.

எழுதிய இராஜிநாமாவைத் திரும்பப் பெறலாமா என்றும் அவர் வினவினார். 1978-இல் சுப்ரீம் கோர்ட் இதற்கு விடை கூறியுள்ளது. அலகாபாத் ஹைகோர்ட் நீதிபதி ஒருவர் 1977 மே 7-இல், ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக எழுதி, ஜூலை 15-இல் அதைத் திரும்பப் பெற்றார். குறித்த நாள் வருமுன் திரும்பப் பெறுதல் செல்லும் என்பது தீர்ப்பு. ஆயின் நம் இளைஞர் தம் கடிதத்தில் “இன்று முதல்” என்று எழுதியிருந்தார். அன்று மாலையே அது ஏற்கப்பட்டுவிட்டது.