காப்பும் கட்டும்

ஜவ்வாது மலை சந்தனத்தாலும் தேனாலும் பெயர் பெற்றது. காவலூர் வானாய்வகத்தால் அறிவியல் உலகிலும் அறிமுகமானது. ஆயினும், மனிதன் தன் உடலைக் காத்துக்கொள்ளத் தேடிய வழிகளின் நெடிய வரலாறு ஒன்று அம்மலையின் அடிவாரத்தைச் சுற்றியே படிந்து கிடக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கபடிக்கும் கைப்பந்துக்கும் புறப்படும் நம் பிள்ளைகள் முழங்காலில் ஓர் உறையை ஏற்றிக்கொள்கின்றனர். கணுக்காலில் ஒரு கட்டைச் சுற்றிக்கொள்கின்றனர். அவ்வுறைக்கும் கட்டுக்கும் பின்னே பல நூற்றாண்டுகளின் அறிவு நிற்கிறது. அந்த அறிவினுள் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. இரண்டையும் இங்கே காண்போம்.

தோலே முதற்காப்பு

மலையின் தெற்கே அமைந்த செங்கம் வட்டாரம் நடுகற்களின் களஞ்சியம். தமிழக அரசின் தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தொகுத்து 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. பல்லவர் கால எழுத்துக்களோடு நிற்கும் அக்கற்களில், ஆநிரை காக்கவும் ஊர் காக்கவும் உயிர் கொடுத்த வீரர்கள் வில்லும் வாளும் கேடயமும் ஏந்தி நிற்பதைக் காண்கிறோம். பழந்தமிழில் கேடயத்துக்குத் 'தோல்' என்றே ஒரு பெயர் உண்டு. எதனால் செய்தனரோ அதுவே பெயராயிற்று. வில்லாளர், நாண் உரசாதிருக்க முன்கையில் அணிந்த தோற்கட்டுக்குக் 'கோதை' என்று பெயர். உறுப்பு ஒன்றைக் குறித்து, அதன் வேலையையும் அதற்கு நேரும் இன்னலையும் கண்டு செய்த காப்பு அது. இன்றைய விளையாட்டு வீரரின் கையுறைக்கு அதனை முன்னோடி எனலாம்.

அந்தத் தோலைப் பதப்படுத்தும் தொழிலோ மலைக்கு வடக்கே, பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் நம் சமுதாயத்தார் வளர்த்த தொழிலாகும். குரோம் உப்பு வருமுன் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே பதனிடுதலுக்கு உதவின. ஜவ்வாது மலைவாசிகள் காட்டில் திரட்டி வந்த பொருள்களுள் கடுக்காயும் ஒன்று. மலை தந்த துவர்ப்பு ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் கெடாமற் காத்தது. அத்தோல் மனிதனின் காலையும் கையையும் காத்தது. இன்று ஆம்பூரின் காலணிகள் கடல் கடந்து செல்கின்றன.

ஜபீரா என்னும் கட்டு

தோல் மேனியைக் காக்கும். மூட்டைத் தாங்க வேறோர் அறிவு வேண்டும். அரபியர் அதனை 'ஜப்ர்' என்னும் சொல்லால் குறித்தனர். உடைந்ததை ஒட்டுதல், குறைந்ததை நிறைத்தல் என்பது அதன் பொருள். எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் பத்தைக்கு 'ஜபீரா' என்று பெயர் வந்தது. உலகம் 'அல்ஜீப்ரா' என்று வழங்கும் கணிதத்தின் பெயரும் அதே வேரில் பிறந்ததே. ஸ்பெயினில் எலும்பு கட்டுவோரை 'அல்ஜெப்ரிஸ்தா' என்று நெடுங்காலம் அழைத்து வந்தனர்.

அந்த ஸ்பெயினில், குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ. கி.பி. 1013ஆம் ஆண்டளவில் மறைந்தார். முப்பது பகுதிகள் கொண்ட அவருடைய 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. அதன் மூன்றாம் பிரிவு முழுவதும் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் உரியது. ஆலையில் படியும் மாவுத்தூளை முட்டையின் வெண்கருவில் குழைத்துப் பூசிக் கட்டும் முறையும் அங்கே காணப்படுகிறது. நம் வட மாவட்டத்து மக்கள் எலும்பு முறிந்தால் தேடிச் செல்லும் ஆந்திரப் 'புத்தூர் கட்டி'லும் மூங்கில் பத்தையும் பச்சிலையும் முட்டை வெண்கருவும் சேர்வதை எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது. ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் ஒரே தேவையால் ஒரே வழியைக் கண்டனர் போலும்! 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நெதர்லாந்தின் படை மருத்துவர் மத்தைசன் துணியில் ஜிப்சத் தூளைத் தோய்த்து, இன்று 'மாவுக்கட்டு' என்று நாம் சொல்லும் கட்டை உருவாக்கினார்.

ஜபீராவைப் பற்றி ஃபிக்ஹு நூல்களும் பேசுகின்றன. கட்டை அவிழ்த்தால் தீங்கு நேரும் என்றால், உளூவில் அதன்மீது ஈரக்கையால் தடவினாற் போதும் என்பது சலுகை. ஆனால் காயம் ஆறிவிட்டால் சலுகையும் நீங்கிவிடும். கட்டு என்பது தேவை உள்ளவரை மட்டுமே. தேவை நீங்கியபின் உறுப்பு தன் கடமைக்குத் திரும்ப வேண்டும். சட்டம் சொன்ன இவ்வுண்மையையே இன்றைய மருத்துவமும் வேறு மொழியில் சொல்லுகிறது.

வலியைத் தேடிய மருத்துவர்

ஜவ்வாது மலைக்கு வடக்கே உள்ள வேலூரில் இவ்வரலாற்றின் சிறந்த அத்தியாயம் எழுதப்பட்டது. அதனை எழுதியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, மலைப்பிள்ளைகளோடு வெறுங்காலில் ஓடி வளர்ந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினால் அழுகி விழுகின்றன என்றே அன்று பலரும் நம்பினர். பிராண்ட் உற்று நோக்கினார். துருப்பிடித்த பூட்டொன்றை அவராலேயே திறக்க முடியாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியைத் திருகித் திறந்தான். அவன் விரல் எலும்பு தெரியுமளவு அறுபட்டிருந்தது. அவனுக்கோ வலியே இல்லை. சதையில் குற்றமில்லை, வலி என்னும் காவலன் இல்லாமையே குற்றம் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

நெடுந்தூரம் நடக்கும் நாம் களைத்தபின் நம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். பாரத்தைக் குதிகாலிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து ஓரத்துக்கும் தள்ளுகிறோம். உணர்வற்ற பாதமோ ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுந்தி, புண்ணாகி, புரையோடிப் போகிறது. ஆதலால் வேலூரிலும், 1955இல் அதனை அடுத்த கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆய்வு நிலையத்திலும், பாதம் முழுவதும் பாரத்தைப் பகிர்ந்து தாங்கும் செருப்புகளைச் செய்து பார்த்தனர். பல பொருள்களைச் சோதித்தபின், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பர் தேர்ந்தெடுக்கப்பட்டது. படகின் அடிபோல் வளைந்த அடிப்பகுதி கொண்ட காலணிகளும் உருவாயின. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இன்று தரப்படும் செருப்புகளிலும் இவ்வறிவே பயன்படுகிறது.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே, உணர்வற்ற கைகால்களுக்குச் செயற்கை வலியைத் தர அவரும் தோழர்களும் முயன்றனர். உறைகளில் அழுத்தத்தை அறியும் கருவிகளைப் பொருத்தினர். ஆபத்து நேரும்போது ஒலி எழுந்தது, நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்தனர், வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் அவர்கள் விசையை அணைத்துவிட்டு மீண்டும் அதே வேலையைச் செய்தனர். முயற்சி கைவிடப்பட்டது. மனிதன் தன் விருப்பப்படி அணைக்க முடியாததாயிருப்பதே வலியின் பெருமை அன்றோ!

ஆடுகளத்தின் படிப்பினை

நோயாளிகள் விசையை அணைத்தனர். உடல் நலமுள்ள விளையாட்டு வீரர்களும் அதையே செய்கின்றனர் என்பதுதான் நாம் வருந்தத்தக்க செய்தி. 1978இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பில் வால்டன் பாதத்தில் வலிமறப்பு ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். ஆட்டத்தின்பின் எடுத்த எக்ஸ்ரே பாத எலும்பு முறிந்திருப்பதைக் காட்டியது. அடுத்த பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை.

காப்புகள் பயனற்றவை என்று நாம் கூற வரவில்லை. 1962 மார்ச்சில் பார்படாஸில் பந்து தலையில் தாக்கி இந்திய அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோடு உடைந்தது. உயிர் பிழைத்தார், டெஸ்ட் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. கிரிக்கெட்டில் தலைக்கவசம் பரவியது 1970களின் இறுதியில்தான். கணுக்கால் கட்டும் அவ்வாறே பயனுடையது. 1973இல் அமெரிக்க ஆய்வாளர் கேரிக்கும் ரெக்வாவும் கூடைப்பந்து ஆடும் மாணவரிடையே நடத்திய ஆய்வில், கணுக்காலில் ஒட்டுப்பட்டை சுற்றியவர்களுக்குச் சுளுக்கு குறைவு என்று கண்டனர். முன்பே சுளுக்கு கண்டவர்களுக்கு இப்பயன் மிகுதி. பட்டை ஆட்டத்தின் வேகத்தில் விரைவிலேயே தளர்ந்துவிடும். ஆயினும் தோலில் அது தரும் தொடுவுணர்வு, மூட்டு எந்நிலையில் உள்ளது என்பதை மூளைக்கு நினைவூட்டுகிறது என்பர். ஆக, நல்ல கட்டு உணர்வை மறைப்பதில்லை, கூர்மைப்படுத்துகிறது.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் தலைக்கவசம் வலுப்பெற்றதும், வீரர்கள் அதனையே ஆயுதமாக்கித் தலையால் முட்டத் தொடங்கினர். கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தோர் பலர். 1976இல் தலையால் முட்டுவது விதியால் தடுக்கப்பட்டது. அப்பருவத்தில் 34ஆக இருந்த அத்தகைய முடக்கம் 1984இல் 5ஆகக் குறைந்தது. கவசம் அதே கவசம்தான். மாறியது மனிதனின் நடத்தை.

முழங்காலுக்கும் இதுவே நீதி. உலோகச் சட்டமும் கீலும் கொண்ட முழங்கால் தாங்கி 1960களின் இறுதியில் நியூயார்க்கில் ஜோ நமத் என்னும் கால்பந்து வீரருக்காக உருவாயிற்று. 1984இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் கழகம் தாங்கிகளை மூன்றாக வகுத்தது: காயம் வராமல் தடுக்க அணிவது, அறுவைக்குப்பின் ஆறும்வரை அணிவது, தளர்ந்த மூட்டைத் தாங்க அணிவது. கடையில் 'நீ கேப்' என்று கேட்டு வாங்கும் மீள்துணி உறை இவற்றின் பணியைச் செய்யாது. வெதுவெதுப்பையும் லேசான அழுத்தத்தையும் தரும். அறுந்த தசைநாரைத் தாங்காது.

பெற்றோர்க்கு நாம் சொல்ல வேண்டியது இதுவே. மகன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினால், உறை ஒன்றை வாங்கிக் கொடுத்து மறுநாள் ஆட்டத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். வீக்கமோ, மூட்டு பூட்டிக்கொள்வதோ, கால் நழுவுவதோ இருப்பின் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓய்வு கொடுங்கள், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியைச் செய்விக்கச் சொல்லுங்கள். மகளுக்கும் இதுவே பொருந்தும். தோலும் துணியும் மாவும் ரப்பரும் மனிதன் கண்ட காப்புகள். வலியோ படைத்தவன் உடலிலேயே வைத்த காப்பு. அந்தக் காவலனின் குரலைக் கேட்க உதவும் கருவி நமக்கு அருட்கொடை. அவன் வாயைக் கட்டும் கருவி, எத்துணை விலை கொடுத்து வாங்கியதாயினும், நமக்குக் கேடே.